ஐஸ் பேக்டரிப் பொதுச்சுவர்

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், அங்கே குளிர் தொடங்கியிருக்கும், பையனுக்குக் காதை மூடித் தொப்பி போட்டுத்தான் வெளியே தூக்கிப் போகிறாயா. இங்கே நாங்கள் மூன்று பேரும் கை கால் முழுசாக இருக்கிறோம், இப்போதைக்கு அதையே சுகம் என்று எடுத்துக்கொள். இன்றைக்கு நம் பழைய ஐஸ் பேக்டரிச் சுவருக்குக் கொடுத்திருக்கும் முட்டுகளை எடுக்கப் போகிறார்கள். இன்ஜினியர் வந்தால்தான் வேலை ஆரம்பிக்கும், அதுவரை எனக்கு எதிலும் கை ஓடவில்லை, பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்று பொங்கவிட்டேன். உன் அப்பா விடிந்ததிலிருந்து ஒரே கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்கிறார், வெட்ட வீட்டில் ஒரு காய் கிடையாது. உன் தங்கை வாலு சாப்பிடாமலே கிளம்பிப் போய்விட்டாள். சும்மா இருந்தால் பைத்தியம் பிடிக்கும் போலிருக்கிறது, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நடுத்தெருவில் ஒரு பெரிய மரம் கிடப்பதையும் சுற்றிக் கூட்டம் நிற்பதையும் யாரோ படம் பிடித்து உனக்கு அனுப்ப, நீ பதறிப்போய் போன் செய்தாய். அப்பா எடுத்து “ஒண்ணுமில்லம்மா, சுவத்துல லேசா விரிசல், பூசினா போச்சு” என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் சமையல்காரர், உப்பு கூடிப்போன குழம்பைக்கூட நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிப் பந்தியை முடித்துப் பழக்கம். நீ அதை நம்பவில்லை, வாலுவையே கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி கேட்டாய், ஊர் சிரிக்க வைத்துவிட்டாய், அந்தப் பாழடைந்த கட்டடத்தை அடுக்குமாடிக்காரனுக்கு விற்றுவிட்டு வேறு வேலையைப் பார் என்றாய் என்று அவளே சொன்னாள். அதற்குப் பிறகு நீங்கள் ரெண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை. உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை, நீ பாதி கேட்டுவிட்டுப் பேசினாய், மீதியையும் சொல்லிவிடுகிறேன், பிறகு உனக்கு என்ன தோன்றுகிறதோ தோன்றட்டும்.

அப்பாவின் சித்தப்பா விட்டுப்போன அந்தக் கட்டடத்தை நீ சின்ன வயதில் பார்த்தது. இப்போதும் அதே இருட்டு, அதே ஈர வாடை. நடுவில் பெரிய கூடம், தரையில் ஐஸ் உறையவைத்த உப்புத்தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் மெஷின் ரூம், பின்னால் ஐஸ் அடுக்கிவைத்த அறை. அப்பாவுக்குக் காலமெல்லாம் அடுத்தவர் ஓட்டலில் அடுப்படியில் நின்ற பிறகு சொந்தமாக ஒரு சாப்பாட்டுக் கடை வைக்க ஆசை. அவர் கண்ணில் தெரிந்தது வெள்ளையடித்து, கண்ணாடிக் கதவு போட்டு, ஏ.சி. ஓடுகிற ஹால். வாலு ஆர்க்கிடெக்ட், அவள் கண்ணில் வேறு தெரிந்தது. ஒன்றையும் இடிக்க வேண்டாம், கூடத்தின் மேலே இருக்கிற தகரத்தை மட்டும் கழற்றினால் வெயிலும் மழையும் உள்ளே வரும், தொட்டிக்குள் மண் நிரப்பித் தோட்டம் போடலாம், சுற்றி மேஜை, மெஷின் ரூமில் சமையல், ஐஸ் அறை ஏற்கெனவே குளிர்ச்சியாக இருக்கிறது, அதில் காய்கறி என்றாள். அப்பா “சாப்பிட வந்தவன் தட்டுல இலை விழுந்தா அது என் சமையலா உன் தோட்டமா?” என்று கேட்டார். அவள் “கீரைன்னு சொல்லிடுங்க” என்றாள். இப்படியே மாதக்கணக்கில் சண்டை, ஆனால் அது உப்புக்கு உறைப்பு மாதிரியான சண்டை, ரெண்டு பேருக்கும் அது இல்லாமல் சாப்பாடு இறங்கவில்லை. தொட்டியில் முதலில் வைத்த செடிகள் எல்லாம் நுனி கருகி விழுந்தன, அத்தனை வருஷத்து உப்பு மண்ணில் ஊறியிருக்கிறது. தொட்டியின் அடியை உடைத்து, மண்ணை அள்ளி வெளியேற்றி, புதுமண் கொட்டினாள். அதுவரை எல்லாம் சரியாகத்தான் போனது.

இனிமேல் கவனமாகப் படி. கூடத்தின் மேற்குச் சுவர் நமக்கும் தையல்கார அக்காவின் வீட்டுக்கும் பொது. அந்த அக்காவை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு குடிவந்தவர்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை தைக்கிறாள். அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர், பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, அந்தச் சுவரை ஒட்டித்தான் அவர் கட்டில். அவர்கள் வீட்டுக் கூரையும் அதே சுவரில்தான் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. நம் பக்கம் தகரத்தைக் கழற்றிய பிறகு, அதைத் தாங்கிக்கொண்டிருந்த முக்கோண இரும்புச் சட்டங்கள் மட்டும் சுவருக்குச் சுவர் நின்றன, ட்ரஸ் என்பார்கள். இன்ஜினியர் வாலுவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார், நாலு சுவர் மேலேயும் கான்கிரீட்டில் பட்டையாகப் பெல்ட் போட்டு அது இறுகுகிறவரை ஒரு ட்ரஸ்ஸில்கூடக் கை வைக்காதே, அந்தச் சுவர் தானாக நிற்கவில்லை, இவைதான் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்று. மூன்று பக்கம் பெல்ட் முடிந்தது. மேற்கு மட்டும் பாக்கி.

அந்தச் சமயம் பார்த்துத்தான் அந்த மரம் வந்தது. சாலையை அகலப்படுத்துகிறவர்கள் வெட்டவிருந்த மரம், குடை மாதிரி விரிந்தது. வாலு அலைந்து திரிந்து அனுமதி வாங்கி, வேரோடு மண்ணோடு எடுத்துச் சாக்கு சுற்றி வைத்திருந்தாள். அதைக் கூடத்துக்கு நடுவில் இறக்கிவிட்டால் போதும், மற்றதெல்லாம் அதைச் சுற்றித் தானே அமையும் என்பாள். அந்த மரத்தைப் பற்றிப் பேசும்போது நீ பையனைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும். கிரேன் அடுத்த வாரம் என்று சொல்லியிருந்தார்கள், திடீரென்று ஒரு காலையில் மரத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் வந்து நின்றுவிட்டது, இன்றைக்கு விட்டால் கிரேன் வேறு ஊருக்குப் போகிறது, மரத்துக்கு ரம்பம்தான் என்றார்கள். நடு ட்ரஸ்ஸை எடுத்தால்தான் மரம் உள்ளே இறங்கும். வாலு இன்ஜினியருக்குத் திரும்பத் திரும்ப போன் போட்டாள், எடுக்கவில்லை. தெருவில் தொங்குகிற மரத்தையும் மேற்குச் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு வெல்டரைக் கூப்பிட்டு “வெட்டுங்க” என்றாள்.

ட்ரஸ் அறுபட்டு ஓரமாகக் கீழே இறங்கியது, ஒன்றும் ஆகவில்லை. கிரேன் மரத்தைத் தூக்கியது, வேரிலிருந்து மண் உதிர உதிர மரம் நம் தலைக்கு மேலே வந்தது, தெருவே கழுத்தைத் தூக்கிப் பார்த்தது. அப்போது சுவரிலிருந்து ஒரு சத்தம், காய்ந்த அப்பளத்தை உடைத்த மாதிரி, அவ்வளவு சின்னச் சத்தம். மேலேயிருந்து கோணலாக ஒரு கோடு இறங்கியது. மேஸ்திரி கிட்டே போய் விரலை வைத்தார், விரல் நுனி உள்ளே போனது. மேஸ்திரி குரலைத் தாழ்த்தி “சத்தம் போடாதீங்க, முதல்ல ரெண்டு முட்டுக் கொடுத்துடுவோம். அந்தப் பக்கம் தெரிஞ்சா கூட்டம் கூடிடும், போலீஸ் வரும், கடை திறந்த மாதிரிதான்” என்றார். அப்பா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு “அவர் சொல்றதும் சரிதான், முதல்ல முட்டு, அப்புறம் சொல்லிக்கலாம்” என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை பெரியவளே, ஆயுள் ஆசை கைக்கு எட்டுகிற நேரத்தில் மனுஷனுக்குப் புத்தி அப்படித்தான் ஒரு சுற்றுச் சுற்றி வரும். ஆனால் உன் தங்கை அதற்குள் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். அக்கா வீட்டுக் கதவைத் தட்டித் திறந்ததும், தெருவே கேட்கிற மாதிரி “அக்கா, சுவர் விரிஞ்சிருச்சு. நான்தான் இரும்பை வெட்டச் சொன்னேன், தப்பு என்னோடது. அண்ணனைத் தூக்கணும், வாங்க” என்றாள்.

அந்த அக்கா முதலில் நம்பவில்லை. மடியில் பாதி தைத்த சட்டை, வாயில் ஊசி, “என்னம்மா விளையாடறியா, நாளைக்கு டெலிவரி” என்றாள். அப்போது கட்டிலுக்கு மேலே பூச்சு ஒரு தட்டு அளவுக்குப் பெயர்ந்து அவள் வீட்டுக்காரர் கால்மாட்டில் விழுந்தது. அவர் கத்த முயன்றார், அவருக்கு வாய் ஒரு பக்கம் வராது, அந்தச் சத்தத்தை நான் மறக்க மாட்டேன். நான் தலைப்பக்கம், வாலு கால்பக்கம், அக்கா நடுவில், போர்வையோடு அப்படியே தூக்கினோம். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த காலத்தில் எத்தனையோ நோயாளிகளைத் தூக்கியிருக்கிறேன், அவ்வளவு கனத்த மனுஷனை அவ்வளவு லேசாகத் தூக்கியதில்லை. வாசல் தாண்டி எதிர்க்கடை பெஞ்சில் படுக்கவைத்தோம். அந்த அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு வாலுவின் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள். வாலு கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, மறுபடி உள்ளே ஓடித் தையல் மெஷினை இழுத்து வரப் பார்த்தாள், நான் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

மரம் இன்னும் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. கிரேன்காரர் தலையை நீட்டி “இறக்கறதா வேணாமா, யாராவது ஒருத்தர் சொல்லுங்க, நான் என்ன இதைத் தாலாட்டிட்டு நிக்கவா?” என்று கத்தினார். அப்போதுதான் இன்ஜினியர் திரும்ப போன் செய்தார், அவர் வேறொரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்திருக்கிறார், அங்கே சிக்னல் இல்லை. வாலு நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவர் திட்டவில்லை, திட்ட நேரமில்லை. கிரேன் இருக்கிறதா, இருந்தால் அறுத்த ட்ரஸ்ஸை உடனே தூக்கிப் பழைய இடத்தில் வை, தகடு வைத்து வெல்டு பண்ணு, அந்தச் சுவர் உள்பக்கம் சாய்கிறது, இப்போதைக்கு அதுதான் தாங்கும், நான் வருகிறேன் என்றார். கிரேன் ஒன்றுதான். மரத்தைத் தொட்டியில் நிறுத்திச் சுற்றிலும் கட்டி முடிக்கிறவரை கிரேன் அதைப் பிடித்தே நிற்க வேண்டும், அதுவரை சுவர் பொறுக்காது. வாலு மரத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “தெருவுல போட்டுடுங்க” என்றாள். கிரேன்காரருக்கே மனசு வரவில்லை, நிஜமாவா என்று கேட்டார். போடுங்க என்றாள். அது விழுந்த விதத்தில் கிளை பாதி முறிந்தது, வேர்மண் கட்டியாக உடைந்து சிதறியது. நீ படத்தில் பார்த்தது அதைத்தான். மறுநாள் சாலை வேலைக்காரர்கள் வந்து அறுத்து அள்ளிக்கொண்டு போனார்கள். அவள் அதற்கு அழுது நான் பார்க்கவில்லை, ஆனால் அந்த வழியாகப் போவதை விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக உள்ளே போகிறாள்.

ட்ரஸ் மேலே ஏறியது, வெல்டர் தகடு வைத்து ஒட்டினார், இன்ஜினியர் வந்து கூடம் முழுக்கச் சாய்வாக முட்டுகள் கொடுத்தார். விரிசலுக்குக் குறுக்கே சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளை ஒட்டினார், சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும், அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்களாம். மறுநாள் காலை போய்ப் பார்த்தால் மேலே இருந்த கண்ணாடி ரெண்டாகக் கிடந்தது. இன்னும் முட்டு, இன்னும் கண்ணாடி. அன்றிலிருந்து இந்த வீட்டில் எல்லோரும் எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் பார்த்தது அந்தக் கண்ணாடிகளைத்தான். பிறகு ஒன்றும் உடையவில்லை. கட்டட அனுமதி கொடுக்கிற ஆபீசிலிருந்து ஆட்கள் வந்து வேலையை நிறுத்தச் சொல்லி வாசலில் காகிதம் ஒட்டினார்கள், தையல்கார அக்காவையும் விசாரித்தார்கள். அவள் நினைத்திருந்தால் ஒரே வார்த்தையில் எங்களை முடித்திருக்கலாம். என்ன சொன்னாள் தெரியுமா, “இந்தப் பொண்ணு பண்ணின வேலைதான் சார், அடி போட்டேன். ஆனா வந்து கதவைத் தட்டினதும் இதுதான். தட்டலைன்னா அவர் இல்லை” என்றாள். அதற்கு மேலும் சொல்லவில்லை, கீழும் சொல்லவில்லை. அதன் பிறகுதான் சுவரைச் சரிசெய்ய மட்டும் அனுமதி கிடைத்தது.

சுவர் விரிந்த அன்றிலிருந்து தையல்கார அக்காவும் அவள் வீட்டுக்காரரும் நம் வீட்டில்தான். நம் ஹாலில் அவருக்கு வேறொரு கட்டில், ஜன்னலோரம் அவள் மெஷின். ஆரம்பத்தில் அப்பா சமைத்ததைத் தொடமாட்டாள், ஒரு மூலையில் தன் ஸ்டவ்வைப் பற்றவைத்துக் கஞ்சி காய்ச்சினாள். அப்பாவுக்கு இதைவிடப் பெரிய தண்டனை யார் கொடுக்க முடியும். அவளுக்குத்தான் பிடிக்கவில்லை, அவள் வீட்டுக்காரர் வாசனை வருகிற பக்கம் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அவளை ஜெயித்துவிட்டார், இப்போது சாப்பிடுகிறார்கள். ஆனால் வாலுவோடு அவள் பேசுவதில்லை. வாலுவோடு அப்பாவும் பேசுவதில்லை, அது வேறு கதை, “தெருவுல நின்னு தப்பு என்னுதுன்னு கூவணுமா?” என்று அன்றைக்குக் கேட்டதுதான் கடைசி. சாதம் வேண்டுமா என்றுகூட என்னிடம் கேட்டு நான் அவளிடம் கேட்டு, ஒரு தட்டுச் சோற்றுக்கு மூன்று பேர் வாய் வலிக்கிறது. அவருக்குக் கோபம் அவள் மேல் இல்லை என்று எனக்குத் தெரியும். ஓட வேண்டிய நேரத்தில் தான் நின்றுவிட்டோமே என்று இருக்கிறது, அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

உன் தங்கை என்ன செய்தாள் என்று கேள். எல்லா ட்ரஸ்ஸும் அப்படியே இருக்கட்டும் என்று புதிதாக வரைந்தாள். கூடத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு முட்டிபோட்டு ஊர்ந்தாள். பெரிய மரம் கிடையாது. அந்த இரும்புகள் மேலே கொடி ஏறும், நிழல் மேலேயிருந்து வரும், தொட்டியில் சின்னச் செடிகள், மேற்குச் சுவருக்கு உள்பக்கமாக இரும்புத் தூண்கள் கொடுத்து, மேலே பெல்ட் போட்டு இறுக்கியாகிவிட்டது. நன்றாகத்தான் இருக்கும் போலிருக்கிறது, ஆனால் அவள் முகத்தில் முன்பிருந்த ஒன்று இல்லை. நீ பேசியது அவளுக்கு அந்த அக்கா கன்னத்தில் அடித்ததைவிட அதிகம் வலித்தது, அடித்தவள் பக்கத்து வீட்டுக்காரி, நீ அக்கா. இதோ வாசலில் மேஸ்திரி கூப்பிடுகிறார், இன்ஜினியர் வந்துவிட்டாராம். தையல்கார அக்கா மூட்டை முடிச்சைக் கட்டி வைத்திருக்கிறாள், ஆனால் முகம் சரியில்லை. போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

வந்துவிட்டேன். தலையெல்லாம் தூசி, அப்படியே எழுதுகிறேன், குளித்தால் பாதி மறந்துபோகும். நாங்கள் போனபோது இன்ஜினியர் ஒவ்வொரு கண்ணாடியாகப் பார்த்துவிட்டுச் சுவர் தானாகவே நிற்கும், பயமில்லை, இருந்தாலும் எடுக்கும்போது பக்கத்து அறையில் யாரும் இருக்க வேண்டாம் என்றார். தையல்கார அக்கா அதைக் கேட்டுவிட்டு “பயமில்லைன்னா ஏன் யாரும் இருக்க வேண்டாம்? நீங்க சொல்லிட்டுப் போயிடுவீங்க, இந்தச் சுவத்துக்குக் கீழ படுக்கறது எங்க வீட்டுக்காரர். நான் எப்படித் தூங்குவேன்?” என்று கேட்டாள். வாலு அந்த அக்காவின் இடுப்பிலிருந்த சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அந்த வீட்டுக்குள் போய், காலியாகக் கிடந்த அந்தக் கட்டிலில், சுவரை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். இன்ஜினியர் போய்க் கூப்பிட்டார், வரவில்லை. நான் போய்த் திட்டினேன், “நான் கணக்குப் போட்ட சுவர்மா, இங்க உக்கார எனக்கே தைரியம் இல்லைன்னா அக்கா எப்படி வருவாங்க?” என்றாள். உதடு வெளுத்திருந்தது. அப்பா தெருவிலிருந்தே வெளியே வா என்று கத்தினார், இத்தனை நாளுக்குப் பிறகு அவர் அவளிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. பிறகு அவரே உள்ளே போனார், காதைப் பிடித்து இழுத்து வரப் போகிறார் என்று நினைத்தேன். வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், ரெண்டு பேரும் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு.

இன்ஜினியர் தலையில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் எடுக்கச் சொன்னேன். ஆமாம், நான்தான் சொன்னேன், என் புருஷனும் பெண்ணும் உள்ளே இருக்க நான் சொன்னேன். முட்டு ஒவ்வொன்றாகத் தளர்ந்தது. சுத்தியல் சத்தம் ஒவ்வொன்றுக்கும் அந்த அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள், அவளுடைய விரல் நகம் என் கையில் இன்னும் தெரிகிறது. கடைசி முட்டு வந்தபோது மேலேயிருந்து பழைய தூசி பொலபொலவென்று கொட்டியது. அவ்வளவுதான். தூசி மட்டும்தான். ஒரு கண்ணாடி உடையவில்லை. அப்போது அந்த வீட்டுக்குள்ளிருந்து குரல் கேட்டது, அப்பா “கைகழுவற இடத்தைக் கதவுக்கு நேரா வச்சா வர்றவன் முதல்ல எச்சில் கையைத்தான் பார்ப்பான், படிச்ச பொண்ணுக்கு இதுகூடத் தெரியாதா?” என்கிறார். வாலு “அது கைகழுவற இடமில்லப்பா, மீன் தொட்டி” என்கிறாள். ரெண்டு பேரும் தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக, சண்டை போட்டுக்கொண்டே வெளியே வந்தார்கள். தையல்கார அக்கா உள்ளே போய்ச் சுவரை உள்ளங்கையால் நன்றாகத் தட்டிப் பார்த்தாள், பிறகு வெளியே வந்து “பொண்ணே, வா, கால்பக்கம் பிடி, அவரைக் கொண்டு வரணும்” என்று வாலுவிடம் சொன்னாள். நான் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன், அது உனக்கு மட்டும்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் என் பேரனுக்கும் நீண்ட ஆயுளும் நிம்மதியான தூக்கமும் கிடைக்க வேண்டும் என்று மனசார வாழ்த்துகிறேன். பையன் பல் முளைக்கும்போது காய்ச்சல் வந்தால் பயப்படாதே, தண்ணீர் கொடு. நீ இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்திவிட்டாய் என்று நினைக்கிறேன், நிறுத்தாதே. தங்கைக்கு ஒரு போன் போடு. மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், அது உங்கள் ரெண்டு பேருக்குமே வராது, அந்த இரும்பு மேலே என்ன கொடி விடப்போகிறாய் என்று மட்டும் கேள், அவள் பேச ஆரம்பித்தால் நீ போனை வைக்க முடியாது.

எப்போதும் உங்கள் நினைவாகவே இருக்கும்,
உன் அம்மா